லாகோஸ் ஃபேஷன் வீக்குக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபேஷன் வீக் என்றதும் பாரிஸ், மிலான், லண்டன், நியூயார்க் என்று நான்கு ஊர்கள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அங்கே மேடையில் நடப்பது பெரிய நிறுவனங்களின் விளம்பரச் செலவு என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகை இல்லை. புதிதாகத் தலையெடுக்கும் நாடுகளின் டிசைனர்களைப் பார்க்க வேறு ஊர்களுக்குத்தான் போக வேண்டும். ஆப்பிரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 32 ஃபேஷன் வீக்குகள் நடப்பதாக யுனெஸ்கோ 2023ல் ஓர் அறிக்கையில் சொன்னது. அந்த அறிக்கையை வெளியிட அவர்கள் தேர்ந்தெடுத்த இடம், நைஜீரியாவின் பெருநகரான லாகோஸில் நடக்கும் லாகோஸ் ஃபேஷன் வீக்.

2011ல் ஒமோயேமி அகெரெலே என்பவர் இதைத் தொடங்கினார். படித்தது சட்டம், இறங்கியது ஆடைத் தொழில். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் இறுதியை ஒட்டி நான்கைந்து நாட்கள் நடக்கிறது. 2025ல் 15 ஆண்டுகளை நிறைவு செய்த கையோடு, கழிவில்லா உலகம் என்ற பிரிவில் எர்த்ஷாட் என்ற சுற்றுச்சூழல் பரிசையும் வென்றது.

வழிகாட்டிக்குள் போகும் முன் ஒரு விஷயம். ரேம்ப் ஷோவை மட்டும் மனதில் வைத்துப் பயணம் திட்டமிடாதீர்கள். ஒரு ஷோ பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதை வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் இன்னும் நல்ல கோணத்தில் பார்க்கலாம். சென்னையிலிருந்து எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து போய்ச் செய்ய வேண்டியது, துணியைக் கையில் தொட்டுப் பார்ப்பதும் அதைச் செய்தவரோடு பேசுவதும்தான். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்கு ஏற்றபடிதான் அமைந்திருக்கிறது. ஜவுளிக்கடை அல்லது பூட்டிக் வைத்திருப்பவர்கள், கைத்தறித் தொழிலில் இருப்பவர்கள், டிசைன் மாணவர்கள், ஆடைகளைப் பற்றி எழுதுபவர்கள் இவர்களை நினைத்து எழுதுகிறேன்.

முதல் படி: லாகோஸ்தானா என்று முடிவு செய்யுங்கள்

முதல் முறையாக ஒரு ஃபேஷன் வீக்கைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், நேரே லாகோஸுக்குப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. பக்கத்திலேயே பழகிக்கொள்ள வழி இருக்கிறது. 2003ல் தொடங்கிய கொழும்பு ஃபேஷன் வீக் சின்னது, நெருக்கமானது. பத்திக்கும் (மெழுகு பூசிச் சாயமிடும் துணி) கைத்தறியும் அங்கே மேடையேறும். மும்பையில் தொடங்கிய லாக்மே ஃபேஷன் வீக்கில் புதியவர்களுக்கென்றே ஜென் நெக்ஸ்ட் என்ற பிரிவு இருக்கிறது. அதன் வழியாக வந்த ராகுல் மிஸ்ரா கம்பளி ஆடை வடிவமைப்புக்கான சர்வதேச வூல்மார்க் பரிசை 2014ல் வென்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் இந்தியர் அவர். அழைப்பு எப்படிக் கிடைக்கிறது, யார் எங்கே உட்காருகிறார்கள், ஆடைகளை அருகில் பார்க்க வைத்திருக்கும் ஷோரூமில் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் இந்த இரண்டில் ஒன்றில் பார்த்துவிட்டால் லாகோஸில் திணற மாட்டீர்கள்.

பிரெஞ்சு பேசும் தமிழர்களுக்கு செனகலின் தலைநகர் டக்கார் இன்னும் பொருத்தமாக இருக்கலாம். பாரிஸ் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கே நேரடி விமானம் உண்டு. அடாமா பாரிஸ் என்ற பெயரில் ஆடைகள் செய்யும் அடாமா என்தியாயே 2002ல் தொடங்கிய டக்கார் ஃபேஷன் வீக், பொதுமக்கள் பார்க்கத் தெருவிலேயே ஷோ நடத்திப் பேர் வாங்கியது. கொரோனா காலத்தில், 2020 டிசம்பரில், ஊருக்கு வெளியே பாவோபாப் மரக்காட்டில் நடத்தினார்கள்.

ஆங்கிலம் போதும், துணியில் ஆர்வம், கொஞ்சம் கூட்டமும் சத்தமும் தாங்கும் என்பவர்களுக்கு லாகோஸ்.

இரண்டாம் படி: துணிகளைப் படித்துவிட்டுப் போங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. நான் அதிக நேரம் செலவிடச் சொல்வதும் இதற்குத்தான். நைஜீரிய டிசைனர்களின் வேலை துணியிலிருந்து தொடங்குகிறது. துணி தெரியாமல் ஷோவைப் பார்த்தால் அழகாக இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியாது.

ஆதிரே என்பது தென்மேற்கு நைஜீரியாவின் யோருபா மக்களின் சாயத் துணி. அவுரி நீலத்தில் முக்குவார்கள். துணியை நாரால் கட்டி முக்குவது ஒரு வகை. மரவள்ளிக் கிழங்கு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, கோழி இறகால் துணிமேல் வரைந்து, காய்ந்தபின் முக்குவது இன்னொரு வகை. கஞ்சி பட்ட இடத்தில் சாயம் ஏறாது. இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், தாயிடமிருந்து மகள் கற்றுக்கொண்டு வருவது. லாகோஸுக்கு வடக்கே இருக்கும் அபெயோகுட்டா நகரம் இதற்குப் பேர் போனது. மாக்கி ஓ என்ற பெயரில் ஆடைகள் செய்யும் அமாக்கா ஒசாக்வே ஆதிரேயை வைத்துத்தான் உலக மேடைக்கு வந்தார். மிஷெல் ஒபாமா 2013ல் அவருடைய சட்டை ஒன்றை அணிந்த பிறகு பலர் தேடத் தொடங்கினார்கள்.

அஷோ-ஓகே கைத்தறி. நம் ஊர்த் தறியோடு பழகியவர்களுக்கு முதலில் விசித்திரமாக இருக்கும், ஏனென்றால் நான்கு முதல் ஆறு அங்குல அகலத்துக்குத்தான் நெய்வார்கள். நீளமான பட்டைகளாக நெய்து, பக்கத்தில் பக்கம் வைத்துத் தைத்து அகலத் துணியாக்குவார்கள். கருநீலத்தில் நெய்தது எத்து, பழுப்பு நிறக் காட்டுப் பட்டில் நெய்தது சன்யான், செந்நிறம் அலாரி. கல்யாணத்துக்கும் பெரிய விழாக்களுக்கும் உடுத்துவது. கென்னத் இஸே என்ற டிசைனர் இந்தத் துணியை கோட்டும் கால்சட்டையுமாக வெட்டித் தைத்து இளம் டிசைனர்களுக்கான எல்விஎம்ஹெச் பரிசின் இறுதிச் சுற்று வரை 2019ல் போனார். (அந்த ஆண்டு பரிசைப் பெற்றவர் தென்னாப்பிரிக்காவின் தெபே மகுகு, அதை வென்ற முதல் ஆப்பிரிக்கர்.)

அக்வெத்தே என்பது தென்கிழக்கு நைஜீரியாவின் அபியா மாநிலத்து இக்போ பெண்கள் செங்குத்தான தறியில் நெய்வது. அஷோ-ஓகேயைப் போலக் குறுகலாக இருக்காது, நல்ல அகலமாகவே வரும். எம்மி காஸ்பிட் என்ற நிறுவனத்தின் ஆடைகளில் இதைப் பார்க்கலாம்.

அங்காரா என்று அவர்கள் சொல்லும் பளிச்சென்ற மெழுகு அச்சுத் துணியைத்தான் நாம் ஆப்பிரிக்கத் துணி என்று நினைத்திருப்போம். அதன் கதை சுற்றிச் சுற்றி வருகிறது: ஜாவாவின் பத்திக்கைப் பார்த்து டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் செய்யத் தொடங்கி, அது மேற்கு ஆப்பிரிக்காவில் நிலைத்துவிட்டது. 1846ல் தொடங்கிய வ்லிஸ்கோ நிறுவனம் இன்றும் நெதர்லாந்தில் அதை அச்சடிக்கிறது. இப்போது சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. இந்தச் சாதாரணத் துணியில் மணியும் சமிக்கியும் கையால் தைத்து விலையுயர்ந்த ஆடையாக மாற்றியவர் லிசா ஃபொலாவியோ. 2005ல் தொடங்கினார்.

இதில் நமக்கும் ஓர் உறவு உண்டு. நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் தலைமுறை தலைமுறையாக உடுத்திவருவது மெட்ராஸ் கட்டம் போட்ட பருத்தித் துணி. அவர்கள் வாங்கிய துணியை அப்படியே கட்டிக்கொள்வதோடு நிற்பதில்லை. பெண்கள் சிறு கத்தியால் குறிப்பிட்ட இழைகளை மட்டும் வெட்டி உருவி எடுத்து, கட்டத்துக்குள் புது வடிவங்களை உண்டாக்குவார்கள். பெலெத்தே பித்தே என்று அதற்குப் பெயர். இக்போ பெண்கள் விசேஷத்துக்குக் கட்டும் ஜார்ஜ் என்ற துணியின் பெயர் சென்னை ஜார்ஜ் கோட்டையிலிருந்து போனது. லாகோஸில் ஒரு டிசைனரிடம் நீங்கள் சென்னையிலிருந்து வருவதாகச் சொன்னால், பேச்சைத் தொடங்க இதுவே போதும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நைஜீரியாவில் ஒரு காலத்தில் பெரிய பஞ்சாலைகள் இருந்தன. கடுனா நகரின் யுனைட்டெட் நைஜீரியன் டெக்ஸ்டைல்ஸ் ஆலை 2007ல் மூடியது. மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மின்வெட்டும் மலிவான இறக்குமதியும் சேர்ந்து செய்த வேலை. இன்றைய டிசைனர்கள் கைநெசவாளர்களையும் சாயக்காரர்களையும் தேடிப் போவதற்குப் பாரம்பரியப் பற்று ஒரு காரணம். உள்ளூரில் நம்பி வாங்க வேறு துணி அதிகம் இல்லை என்பது இன்னொரு காரணம். இது தெரிந்தால், ஒரு கோட்டின் விலை ஏன் அவ்வளவு என்று கேட்க மாட்டீர்கள்.

மூன்றாம் படி: அழைப்பு

லாகோஸ் ஃபேஷன் வீக் டிக்கெட் வாங்கிக்கொண்டு சினிமாவுக்குப் போவது போன்றதில்லை. பத்திரிகை, பையர் (கடைக்காக வாங்க வருபவர்), விருந்தினர் என்று பிரித்துப் பதிவு செய்வார்கள். பதிவு நிகழ்ச்சிக்குச் சில வாரங்கள் முன்புதான் திறக்கும். ஆகஸ்ட் முதலே அவர்களுடைய இணையதளத்தையும் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் பார்த்துவாருங்கள்.

எழுதுபவர் என்றால் வெளிவந்த கட்டுரைகளின் இணைப்புகளும் ஆசிரியரின் கடிதமும் தயாராக இருக்க வேண்டும். தமிழில் எழுதியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி ஆங்கிலச் சுருக்கம் சேர்த்து அனுப்புங்கள். கடைக்காரர் என்றால் கடையின் பதிவுச் சான்று, கடையின் படங்கள், இப்போது எந்த டிசைனர்களின் துணிகளை விற்கிறீர்கள் என்ற பட்டியல். மாணவர் என்றால் கல்லூரிக் கடிதம். இல்லாத பத்திரிகையின் பெயரைச் சொல்லி உள்ளே போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இந்த வட்டம் சிறியது. ஒரு முறை பெயர் கெட்டால் அடுத்த ஆண்டும் கெட்டதுதான்.

பதிவு கிடைப்பதும் ஒரு ஷோவில் இருக்கை கிடைப்பதும் வேறு வேறு. தன் ஷோவில் யார் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்பதில் டிசைனரின் குழுவுக்கும் பங்கு உண்டு. அதனால் உங்களுக்குப் பிடித்த ஐந்தாறு டிசைனர்களைத் தேர்ந்து அவர்களுக்கே எழுதுங்கள். நைஜீரியாவில் சிறு நிறுவனங்களின் வியாபாரம் பெரும்பாலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும்தான் ஓடுகிறது. மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அங்கேயும் ஒரு செய்தி போட்டுவிடுங்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம். ஈரோட்டில் கைத்தறித் துணிக்கடை நடத்துகிறேன். உங்கள் சென்ற ஆண்டுத் தொகுப்பில் அஷோ-ஓகே பட்டைகளின் தையலை மறைக்காமல் வெளியே தெரியவிட்டிருந்தீர்கள். அதை நேரில் பார்க்க ஆசை. அக்டோபர் கடைசி வாரம் லாகோஸில் இருப்பேன். ஷோவில் இடம் கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டாலும், ஷோ முடிந்த பிறகு ஸ்டூடியோவில் அரை மணி நேரம் துணிகளைப் பார்க்க முடியுமா?"

இதில் வேலை செய்வது கடைசிக் கேள்வி. ஷோவில் இருக்கை கேட்டு அவர்களுக்கு ஏராளமான செய்திகள் வரும். ஸ்டூடியோவுக்கு வந்து துணியைப் பார்க்கட்டுமா என்று கேட்பவர்கள் குறைவு. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும்.

எந்த அழைப்பும் கிடைக்கவில்லையா? நவம்பரில் அதே ஊரில் ஜிடிசிஓ ஃபேஷன் வீக்கெண்ட் நடக்கும். ஒரு வங்கிக் குழுமம் நடத்துவது, நுழைவு இலவசம். நிறைய சிறு நிறுவனங்கள் கடை போட்டு விற்பார்கள், ரேம்ப் ஷோவும் வகுப்புகளும் உண்டு. துணி வாங்கி வருவதுதான் முக்கியம் என்பவர்களுக்கு இதுவே மேல் என்றுகூடச் சொல்வேன். இரண்டின் தேதிகளையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: ஊசி, விசா, விமானம்

விசாவுக்கு முன் ஊசி. நைஜீரியாவுக்குள் போகும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றைக் கேட்கலாம். அதைவிட முக்கியம், திரும்பி வரும்போது இந்தியா அதைக் கேட்கும். சான்று இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரம் இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். கிளம்பும் முதல் நாள் போட்டுக்கொண்டு ஓடினால் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எல்லா நாளும் போடுவதில்லை, முன்பதிவு தேவைப்படும், எனவே ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். முட்டை ஒவ்வாமை இருப்பவர்களும் 60 வயதைத் தாண்டியவர்களும் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

2025 மே முதல் நைஜீரியா குறுகிய காலப் பயணத்துக்கு இணையவழி விசா தருகிறது. சுற்றிப் பார்க்கவா, வியாபாரத்துக்கா என்று கேட்பார்கள். ஆர்டர் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் வியாபாரம் என்றே போடுங்கள். டிசைனரிடமிருந்தோ அமைப்பாளர்களிடமிருந்தோ வந்த அழைப்புக் கடிதத்தை இணைத்தால் நல்லது. பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் இருக்கட்டும்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா, அடிஸ் அபாபா இவற்றில் ஒன்றில் மாறிப் போகலாம். பகலில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். காரணம் அடுத்த படியில்.

ஐந்தாம் படி: ஊருக்குள்

விமான நிலையம் நகரின் நிலப்பகுதியில் இக்கேஜாவில் இருக்கிறது. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நடப்பது விக்டோரியா தீவில். ஃபெடரல் பேலஸ் ஹோட்டலில் பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. இடையில் காயல். அதைத் தாண்டுவதற்கு தேர்டு மெயின்லேண்ட் பாலம் மட்டுமே ஏறத்தாழ 12 கிலோமீட்டர். நெரிசல் இல்லாத நேரத்தில் முக்கால் மணி நேரத்தில் போகும் தூரம், வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணி நேரமும் இழுக்கும். ஆகவே நிலப்பகுதியில் மலிவான அறை எடுத்துத் தினமும் போய்வரலாம் என்ற கணக்கு இங்கே உதவாது. விக்டோரியா தீவிலோ பக்கத்திலிருக்கும் இக்கோயியிலோ சின்ன அறையாக இருந்தாலும் எடுங்கள். ஜெனரேட்டர் இருக்கிறதா, எந்நேரமும் ஓடுமா என்று முன்பே கேளுங்கள்.

ஊபரும் போல்ட்டும் கிடைக்கும். வண்டி எண்ணைச் சரிபார்த்த பிறகு ஏறுங்கள். முதல் நாள் விமான நிலையத்துக்கு ஹோட்டல் வண்டியையே வரச் சொல்வது நல்லது. இரவில் தெருவில் தனியாக நடக்க வேண்டாம். காவலர்கள், பாலங்கள், அரசுக் கட்டிடங்கள் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

பணம் நைராவில். 2023ல் அரசு நாணயக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபின் நைராவின் மதிப்பு பெரிதாகச் சரிந்தது. பழைய பயணக் கட்டுரைகளில் இருக்கும் விலைகளை நம்பாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் வங்கிப் பரிமாற்றம்தான் செய்கிறார்கள். நமக்கு அது முடியாது. வெளிநாட்டு அட்டை பெரிய ஹோட்டலில் ஓடும், சின்னக் கடையில் சந்தேகம். டாலர் கொண்டுபோய்க் கொஞ்சம் கொஞ்சமாக ஹோட்டல் வழியாகவோ வங்கியிலோ மாற்றுங்கள்.

சாப்பாட்டில் காரம் நமக்குப் பிரச்சினையே இல்லை. சைவர்களுக்கு வறுத்த நேந்திரன் போன்ற வாழைப்பழம், பயறு, சோறு கிடைக்கும். காலையில் தெருவில் சுடும் அக்காரா என்பது தட்டைப்பயறு அரைத்துப் போட்ட நம் வடை மாதிரியே இருக்கும். பயறு அரைத்து ஆவியில் வேகவைக்கும் மொய் மொய் வாங்கும்போது மட்டும் உள்ளே மீனோ முட்டையோ இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: என்ன உடுத்துவது

லாகோஸ்காரர்கள் உடுத்திக்கொள்வதில் சளைத்தவர்கள் இல்லை. ஜீன்ஸும் டி-ஷர்ட்டுமாகப் போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். அங்கே போய் அவர்களைப் போல அக்பாடா என்ற அகன்ற அங்கியும் கெலே என்ற தலைத்துணியும் கட்டிப் பார்க்க வேண்டுமென்பதில்லை. நல்ல கைத்தறிச் சேலை, நெகமம் பருத்தி, மெட்ராஸ் கட்டத்தில் ஒரு சட்டை, இவையே அங்கே பேச்சைத் தொடங்கிவைக்கும். அக்டோபர் இறுதியில் மழை முடியும் தறுவாய், புழுக்கம் சென்னை மாதிரிதான். பட்டை விடப் பருத்தி. காலணி மட்டும் வசதியானதாக இருக்கட்டும், நிற்க வேண்டியது அதிகம்.

ஏழாம் படி: அரங்கத்தில்

நேரத்தைப் பற்றி: ஆறு மணி ஷோ ஆறு மணிக்குத் தொடங்காது. ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் தாமதமாகும். ஆனால் நீங்கள் ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். இருக்கை ஒதுக்குபவர்களின் நினைவில் பதிவது சீக்கிரம் வந்த முகங்கள்தான். அந்தக் காத்திருப்பு நேரம் வீண் இல்லை. பக்கத்தில் நிற்பவர் இன்னொரு டிசைனராக இருக்கலாம், பேராசிரியராக இருக்கலாம், துணி வியாபாரியாக இருக்கலாம். அவர் உடுத்தியிருப்பது என்ன துணி, எங்கே நெய்தது என்று கேளுங்கள். உற்சாகமாகச் சொல்வார்கள்.

ஷோ ஓடும்போது முழுவதையும் போனில் பிடிக்காதீர்கள். ஒரு சின்ன நோட்டில், ஒவ்வொரு தொகுப்பிலும் நேரில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றிய ஆடைகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனையாவதாக வந்தது, நிறம், என்ன கேட்க வேண்டும். மறுநாள் ஷோரூமில் இந்தக் குறிப்பைக் காட்டினால் நீங்கள் கவனித்துப் பார்த்தவர் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். ஃபிளாஷ் வேண்டாம். மேடைக்குப் பின்னால் அழைத்தால் ஒழியப் போக வேண்டாம்.

கிரீன் ஆக்ஸஸ் என்ற பெயரில் இளம் டிசைனர்களுக்கான ஒரு திட்டத்தையும் இவர்கள் நடத்துகிறார்கள். கழிவுத் துணி, பழைய துணி, உள்ளூர் நார் இவற்றை வைத்து வேலை செய்பவர்கள் வருவார்கள். ஒக்ரிக்கா என்று அவர்கள் சொல்லும் பழைய துணி, மூட்டை மூட்டையாக வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் நாடு அது. அதைப் பிரித்து இன்னொன்றாக்குவது அங்கே கருப்பொருள் மட்டும் இல்லை, கையிருப்பும் அதுதான். பெரிய பெயர்களின் ஷோ எதையாவது விட வேண்டி வந்தாலும் இந்தப் புதியவர்களை விடாதீர்கள்.

எட்டாம் படி: ஷோ முடிந்த நாட்கள்

பயணத்தில் குறைந்தது மூன்று நாட்களை ஷோ இல்லாத நாட்களாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்திலேயே நடக்கும் ஷோரூமில் ஆடைகள் தொங்கவிட்டிருக்கும், டிசைனரோ அவருடைய ஆளோ பக்கத்தில் நிற்பார். உள்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல், உள்துணி, பட்டைகள் சேரும் இடம் எல்லாம் அங்கேதான் தெரியும். மேடையில் பிரமாதமாக இருந்த ஒன்று உள்ளே பசையில் ஒட்டியிருப்பதும் நடக்கும், சுமாராகத் தெரிந்தது அருமையான வேலையாக இருப்பதும் நடக்கும்.

விக்டோரியா தீவில் அலாரா என்ற கடைக்குப் போய்வாருங்கள். ரெனி ஃபொலாவியோ தொடங்கியது, கட்டிடத்தை வடிவமைத்தவர் டேவிட் அட்ஜாயே. ஆப்பிரிக்க டிசைனர்களின் ஆடைகளை எந்த விலையில், எப்படி அடுக்கி விற்கிறார்கள் என்று பார்க்க வேறு இடம் தேட வேண்டாம். லெக்கியில் நைக்கே ஆர்ட் கேலரி இருக்கிறது. அதை நிறுவிய நைக்கே டேவிஸ்-ஒகுண்டாயே ஆதிரே கலைஞர். அந்தக் கலையை இளம் பெண்களுக்கு ஆண்டுக்கணக்காகக் கற்றுக்கொடுத்தவர். ஒவ்வொரு மாடியிலும் ஓவியமும் துணியும் நிரம்பியிருக்கும்.

லாகோஸ் தீவின் பலோகுன் சந்தை இன்னொரு உலகம். தெருத் தெருவாகத் துணி. ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு காலையில் போங்கள், நகையும் விலை உயர்ந்த போனும் அறையில் இருக்கட்டும்.

அபெயோகுட்டா சாலை வழியாக நூறு கிலோமீட்டர் அளவுதான். விடியற்காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடும்படி, தெரிந்த ஓட்டுநரோடு போகலாம். இட்டோக்கு சந்தையில் ஆதிரே குவிந்திருக்கும். ஆனால் அதில் அச்சடித்த நகலும் கலந்திருக்கும். துணியைத் திருப்பிப் பாருங்கள்: அச்சடித்ததில் பின்பக்கம் வெளிறியிருக்கும். கையால் முக்கி எடுத்ததில் சாயம் இருபுறமும் ஏறியிருக்கும். கஞ்சி வரைந்த வகையில் பின்பக்கம் கோலம் மங்கி நீலம் தூக்கலாகத் தெரியும். ஒரே கோலம் அச்சுப் பிசகாமல் ஒவ்வொரு முழத்திலும் திரும்ப வந்தாலும் சந்தேகப்படுங்கள். சாயமிடும் இடத்தைப் பார்க்க அழைத்துப் போவார்கள். அங்கே வேலை செய்பவர்களைப் படமெடுக்கும் முன் கேளுங்கள், பெரியவர்களுக்கு முதலில் வணக்கம் சொல்லுங்கள். யோருபா மக்கள் மூத்தவர்களுக்குத் தரும் மரியாதை நம் கிராமத்துப் பாட்டிகளுக்கே பிடித்துப்போகும் அளவுக்கு இருக்கும்.

ஒன்பதாம் படி: வாங்குவதும், நகலெடுக்காமல் இருப்பதும்

ஆர்டர் கொடுக்கும் எண்ணம் இருந்தால் முதலில் கேட்க வேண்டியவை: ஒரு வடிவத்தில் குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும், எத்தனை வாரம் ஆகும், அதே சாயம் அதே நெசவு மறுபடி வருமா. பெரும்பாலானவை சின்ன ஸ்டூடியோக்கள். ஐம்பது ஒரே மாதிரி வேண்டும் என்றால் திகைப்பார்கள். முதல் முறை நான்கைந்து ஆடைகளை முழுப் பணம் கொடுத்து வாங்கி வந்து, உங்கள் கடையில் வைத்துப் பாருங்கள். கடன் சரக்காக, விற்ற பிறகு பணம் தருகிறேன் என்று கேட்பது அவர்களைக் கொல்லும் வழக்கம். அடுத்த தொகுப்புக்கான நூலை அந்தப் பணத்தில்தான் வாங்குவார்கள்.

ஓரிரு ஆடைகளைத் தனக்கென்று பெட்டியில் கொண்டுவருவது வேறு, விற்பனைச் சரக்கு வேறு. விற்கத்தான் என்றால் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் உங்களிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆடைக்கும் துணி வகையும் விலையும் எழுதிய பில் வாங்கிக்கொண்டு, கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள். தீர்வையும் கூரியர் செலவும் சேர்ந்தால் விலை எங்கே போய் நிற்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே உங்கள் ஏஜெண்டிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய ஒன்று. ஆதிரே கோலத்தை நெருக்கமாகப் படமெடுத்து வந்து, இங்கே அச்சுக்குக் கொடுத்து மீட்டர் கணக்கில் இறக்குவது நம்மவர்களுக்கு ரொம்பச் சுலபம். திருப்பூருக்கும் சூரத்துக்கும் அது ஒரு வார வேலை. ஆனால் காஞ்சிபுரம் பார்டரை விசைத்தறியில் போட்டு விற்கிறார்கள் என்று புலம்பும் நாம் அதைச் செய்தால் என்ன மிச்சம்? பிடித்திருந்தால் அவர்களோடு சேர்ந்து செய்ய வழி இருக்கிறது: அவர்கள் சாயமிட நம் பருத்தியை அனுப்பலாம், ஒரு தொகுப்பை இரண்டு பெயரிலும் வெளியிடலாம். கலபாரிக்காரர்களுக்கு நம் துணி போன பாதை ஏற்கெனவே இருக்கிறது.

பத்தாம் படி: திரும்பிய பிறகு

ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள், சந்தித்த ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதுங்கள். எடுத்த படங்களில் அவர்கள் வேலை தெரியும் நல்ல படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். எழுதுபவர் என்றால் கட்டுரை வந்ததும் இணைப்போடு ஆங்கிலச் சுருக்கம். ஆர்டர் கொடுப்பதாகச் சொல்லியிருந்தால் தேதி போட்டுச் சொல்லுங்கள், முடியாதென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். சீசன் முடிந்ததும் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகும் வெளிநாட்டுப் பையர்களை அவர்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள். மஞ்சள் காய்ச்சல் சான்றை மட்டும் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள், அடுத்த ஆண்டு டக்காருக்கும் அதுவே செல்லும்.